உதடு மரத்துப்போய் மூன்று வாரம்: ஞானப்பல் எடுக்கும் முன் படம் எதற்கு?

குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, தனியார் பள்ளியொன்றில் பாடம் நடத்தும் 33 வயது ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தைக்குத் தாய். 23 நாட்களுக்கு முன், கீழ்த்தாடையின் வலப்பக்க ஞானப்பல்லை ஒரு பல் மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பல் ஈறுக்குள் பாதி புதைந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்திருந்ததால், ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனதாம். அதற்கு முன் எடுத்தது, வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய எக்ஸ்ரே ஒன்று மட்டும். ஊசியின் மரப்பு மாலைக்குள் தெளிந்துவிடும் என்றார்கள்; நாக்கு தெளிந்தது, வலப்பக்கக் கீழுதடும் மோவாயும் இன்றுவரை தெளியவில்லை. இதற்கு நடுவில், நான்காம் நாள் காதுவரை தெறிக்கும் வலி வந்து, மாத்திரையை மாற்றியும் அடங்காமல், ஐந்தாம் நாள் பல் எடுத்த குழியில் மருந்து வைத்த பிறகே தணிந்திருக்கிறது. சிகிச்சை செய்த மருத்துவர் "ஆறு மாதம் ஆகும், சரியாகிவிடும்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தில் ஓரிடத்தில் அவர் இப்படி எழுதுகிறார்: "மதியம் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. முதல் வரிசைச் சிறுமி எழுந்து வந்து காதோடு சொன்னாள். அன்று மாலை வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை." அவர் முக்கியமாகக் கேட்பவை நான்கு. உணர்வு திரும்புமா? முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காதா? சென்ற ஆண்டில் இரண்டு முறை வீங்கி அடங்கிய இடப்பக்க ஞானப்பல்லை என்ன செய்வது? கொழுந்தனார் சொல்வதுபோல நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? இவற்றோடு இரண்டு பயங்களும் சேர்ந்திருக்கின்றன. நாளடைவில் வாய் கோணிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால் தாய்ப்பால் கெட்டுவிடும் என்று மாமியார் தடுக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சோற்றுப் பருக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் வாய், முக, தாடை அறுவை மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவருகிறேன். உதடு மரத்துப்போனவர்கள் முதலில் சொல்வது வலியைப் பற்றி அன்று; இப்படிப்பட்ட ஒரு கூச்சத்தைப் பற்றித்தான். காபி வழிவது தெரியாமல் சட்டை நனைந்ததைச் சொல்வார்கள். குழந்தைக்கு முத்தம் கொடுத்தும் கொடுத்ததுபோல இல்லை என்பார்கள். வெளியே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாததால், வீட்டிலும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் மிகைப்படுத்தவில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பது பெயருள்ள, வழிமுறையுள்ள ஒரு நரம்புக் காயம். அதைக் கவனிக்க வேண்டிய காலம் இதுதான்.

வாய் கோணுமோ என்ற பயம்

கோணாது. கீழ்த்தாடை எலும்புக்குள் மெல்லிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. நம் பக்கத்து ஏரிக்கால்வாய்க்கு இரு பக்கமும் கரை இருப்பதுபோல, அதற்கும் இரு பக்கமும் கெட்டியான எலும்புச் சுவர் உண்டு. அதற்குள் செல்லும் நரம்பு, ஞானப்பல்லின் வேர்களுக்கு அடியில் அல்லது அவற்றை ஒட்டியே கடந்து, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள ஒரு சிறு துளை வழியாக வெளிவந்து, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் தொடுவுணர்வைக் கொடுக்கிறது. உதட்டை அசைப்பது இந்த நரம்பு அன்று. காதருகிலிருந்து வரும் வேறொரு நரம்பு. ஆகவே, உங்களால் உதட்டைக் குவிக்கவும் சிரிக்கவும் பகர மகரங்களைத் தெளிவாக உச்சரிக்கவும் முடியும். வகுப்பில் பேச்சு குழறுவதுபோல உங்களுக்குத் தோன்றுவது, உதடு எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராததால்தான். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உணர்வு திரும்புமா?

கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுத்து எடுப்பவர்களில், நூற்றுக்கு ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரையிலானவர்களுக்கு உதட்டில் தற்காலிக மரப்பு ஏற்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது நிலைத்துவிடுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பல்லின் வேர் நரம்பை ஒட்டியே இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். இந்த எண்களிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பெரும்பாலோருக்கு உணர்வு திரும்புகிறது என்பதை மட்டுமே. உங்களுக்கு என்ன ஆகும் என்பதை எண்கள் சொல்லமாட்டா. உங்கள் உதடுதான் சொல்லும்.

அது எப்படிச் சொல்கிறது என்று விளக்குகிறேன். நரம்பு நசுங்கியோ அழுந்தியோ இருந்தால், சில வாரங்களிலேயே தெளியத் தொடங்கும். நரம்பிழைகள் அறுந்திருந்தால், அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர வேண்டும். ஞானப்பல் குழியிலிருந்து உதடுவரையிலான தொலைவைக் கணக்கிட்டால், மாதங்கள் ஏன் ஆகின்றன என்பது உங்களுக்கே புரியும். கடந்த சில நாட்களாக மோவாயில் எறும்பு ஊர்வதுபோலவும், தொட்டால் சுருக்கென்று இழுப்பதுபோலவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது புதிய நோய் என்று அஞ்சியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது, உறங்கிய நரம்பு விழிப்பதன் முதல் அடையாளம். ஆனால் அதே இடத்தில் எரிச்சலோ, மின்சாரம் பாய்வதுபோன்ற வலியோ, காற்றுப் பட்டாலே தாங்க முடியாத கூச்சமோ வந்தால் காத்திருக்க வேண்டாம். அது வேறு வகை நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காது. அதற்கென்று மருந்துகள் இருக்கின்றன.

உங்கள் மருத்துவர் சொன்ன "ஆறு மாதம்" என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. பலருக்கு அதற்குள் தெளிந்துவிடுகிறது. ஆனால் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று அதைப் புரிந்துகொள்வது தவறு. இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழிக்குள் வேரின் துண்டோ எலும்புச் சில்லோ தங்கி, நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஏதேனும் இருந்தால், அதை விரைவில் நீக்குவதே நரம்புக்குக் கொடுக்கும் நல்ல வாய்ப்பு. எதுவும் இல்லையென்றால், மாதந்தோறும் பரிசோதித்து எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். மூன்று மாதம் முடிந்தும் துளியும் மாற்றமில்லை என்றால், நரம்பை நுண்ணோக்கி வழியே பார்த்துச் செய்யும் நுண்ணறுவையில் பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும். நரம்பைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படுமானால், அது முதல் சில மாதங்களில் செய்யப்படும்போதே பலன் கூடுதல். வைட்டமின் மாத்திரையைச் சாப்பிடுவதில் தீங்கில்லை. ஆனால் பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம், எந்த மருத்துவருக்கும் பேருதவியாக இருக்கும். ஒரு சிறு பஞ்சுத் திரியைப் பிரித்து, நுனியை மெல்லியதாக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் அமர்ந்து, உணர்வு நன்றாக உள்ள இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, மோவாய் வழியாக வலப்பக்கம் நோக்கித் தொட்டுக்கொண்டே வாருங்கள். தொடுவது தெரியாமல் போகும் இடத்தில், புருவம் தீட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் இதையே செய்து புள்ளிகளை இணைத்தால், மரத்த இடத்தின் எல்லை கோடாகத் தெரியும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, நாளைக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை போதும். வட்டம் சுருங்கிக்கொண்டு வந்தால், அதைவிட ஆறுதலான சான்று வேறில்லை. ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். புண்ணானால் உங்களுக்குத் தெரியாது.

சூடான காபியால் உதடு வெந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இனி எதையும் முதலில் இடப்பக்க உதட்டில் தொட்டுப் பார்த்துக் குடியுங்கள். குழந்தைக்கு ஊட்டும் முன் கையில் வைத்துச் சூடு பார்ப்பீர்களே, அதே பழக்கம்தான். மரத்த உதட்டை அறியாமல் கடித்துக்கொள்வது அடிக்கடி நேரும். உணவுக்குப் பின் கண்ணாடியில் ஒருமுறை உதட்டின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் நாள் வந்த அந்த வலி

அது நரம்புக் காயத்தோடு தொடர்பில்லாத இன்னொரு சிக்கல். இதைக் குழப்பிக்கொண்டு, "புண் நரம்புவரை பரவிவிட்டது" என்று எண்ணியிருக்கிறீர்கள். பல் எடுத்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் இயற்கை போடும் கட்டு. அது கரைந்தோ கழன்றோ போனால், எலும்பு மூடாக்கின்றி நிற்கும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காதையும் நெற்றிப்பொட்டையும் நோக்கித் தெறிக்கும் வலியும் துர்நாற்றமும் வரும். உலர்குழி என்று இதைச் சொல்கிறோம். பல் மருத்துவமனைகளில் டிரை சாக்கெட் என்றே சொல்வார்கள். புதைந்த கீழ் ஞானப்பல்லை எடுத்தபின் இது அரிதன்று. சீழ் பிடித்தலைப்போல இல்லை என்பதால், ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மாற்றிப் பயனில்லை. குழியைக் கழுவி, மருந்துத் திரி வைத்தால் சில மணி நேரத்தில் அடங்கும். உங்களுக்கும் அப்படித்தான் அடங்கியது. உங்கள் தாயார் வைத்த கிராம்பு எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழியில் வைக்கும் மருந்துகள் பலவற்றில் கிராம்பின் சத்து சேர்வதுண்டு. ஆனால் வெறும் எண்ணெயை நேரே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். இன்னொரு முறை வேண்டாம்.

முதல் நாளே உப்புநீர் விட்டுக் கொப்பளித்ததும், அடிக்கடி துப்பியதும் அந்த இரத்தக்கட்டியைக் கழற்றியிருக்கலாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது. அதன் பிறகு வெதுவெதுப்பான உப்புநீர் நல்லது. நம் பக்கத்தில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ள ஆண்கள் இந்த வலியோடு வருவதை அதிகம் பார்க்கிறேன். புகைப்பவர்களுக்கு உலர்குழி வரும் வாய்ப்பு கூடுதல். சாப்பாட்டைப் பொறுத்தவரை, நம் வீட்டுக் கேழ்வரகுக் களியே போதும். ஆறவைத்து, மெல்லாமல் விழுங்கத்தக்க பதத்தில், காரமில்லாத கீரைக் கடைசலோடு சாப்பிட்டால், இரண்டு மூன்று நாட்களை அது தாங்கும். வீக்கம் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போவதும், வாய் திறப்பது குறைவதும் எல்லாருக்கும் வருபவைதான். ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும்.

முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால்?

உங்கள் கடிதத்தின் நடுப்புள்ளி இந்தக் கேள்விதான். "ஸ்கேன் எடுத்திருந்தால் நரம்பு தப்பியிருக்கும்" என்பதை உறுதியாக நம்பி, நான்கு பக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உண்மை அவ்வளவு நேராக இல்லை.

வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படம், ஓரிரு பற்களைத் தெளிவாகக் காட்டும். கடைசியில் உள்ள ஞானப்பல்லுக்கு அது சரியாகப் பொருந்தி அமைவது கடினம். படத்தகடு பின்னால் போகும்போது குமட்டும், நோயாளி முன்னால் தள்ளிவிடுவார். நீங்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தில், பல்லின் தலையும் வேரின் மேற்பாதியும் நன்றாகத் தெரிகின்றன; வேரின் நுனி, படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. நரம்புக் கால்வாய் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இருட்டில் தெரியாத கிணற்றைச் சுற்றி நடப்பதற்கு ஒப்பானது, அந்தப் படத்தை மட்டும் நம்பி அறுவையைத் தொடங்குவது. வேரின் நுனியும் கால்வாயும் முழுமையாகத் தெரிந்திருந்தால், அந்தச் சிறு படமே கூடப் போதுமானதாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது ஓ.பி.ஜி. என்னும் எக்ஸ்ரே. நின்றபடி இருக்க, கருவி தலையைச் சுற்றிவந்து இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும். புதைந்த கீழ் ஞானப்பல்லுக்கு இதுவே வழக்கமான முதல் படம். செலவு சில நூறு ரூபாய்தான். இதில் நாங்கள் தேடுவது அந்தக் கால்வாயின் இரு கரைகளை, அதாவது இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளை. வேரைக் கடக்கும் இடத்தில் அந்தக் கோடு அறுந்திருந்தாலோ, அங்கே வேர் கருத்துத் தெரிந்தாலோ, கால்வாய் வளைந்து விலகியோ குறுகியோ போனாலோ, வேரும் நரம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று பொருள். இந்த அடையாளங்கள் இல்லையென்றால், மேற்கொண்டு படம் தேவைப்படுவது அரிது.

அடையாளம் இருந்தால்தான் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேனுக்கு வேலை. ஓ.பி.ஜி. தட்டையான படம், நரம்பு வேருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று அதில் தெரியாது. சி.பி.சி.டி., தாடையை மெல்லிய சீவல்களாக வெட்டிக் காட்டுவதால், நரம்பு கன்னத்துப் பக்கம் போகிறதா, நாக்குப் பக்கம் போகிறதா, இரண்டு வேர்களுக்கு நடுவே புகுந்து செல்கிறதா, நடுவில் எலும்புச் சுவர் மிஞ்சியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அவ்வளவு தெரிந்தும், புதைந்த பல் உள்ள எல்லாருக்கும் சி.பி.சி.டி. எடுத்துவிட்டால் நரம்புக் காயம் குறைந்துவிடும் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. வேர் நரம்பைக் கட்டிப் பிடித்திருந்தால், அதைப் படமெடுப்பதால் பிடி தளராது. இன்னொன்று, நாக்குக்குச் சுவையும் உணர்வும் கொடுக்கும் நரம்பு எலும்புக்குள் இல்லாமல் தசையில் ஓடுவதால், அது இந்தப் படங்கள் எதிலும் தெரியாது.

அப்படியானால் படம் எதற்கு? முடிவு எடுப்பதற்கு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த நாதசுரக் கலைஞர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய ஓ.பி.ஜி.யில் வேர் கருத்திருந்தது, சி.பி.சி.டி.யில், எலும்புச் சுவரே இல்லாமல் நரம்பு வேரின் பள்ளத்தில் படுத்திருந்தது. படத்தைத் திரையில் அவருக்கே காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலால் தம் கீழுதட்டைத் தொட்டு, "சீவாளி உட்காருவது இங்கேதான்" என்றார். நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி அது. பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறையை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். அந்த வேர் பிற்காலத்தில் நகர்ந்து, இன்னொரு சிறு அறுவை தேவைப்படலாம் என்பதையும் அறிந்தே அவர் ஒப்புக்கொண்டார். வேறு தொழில் செய்பவராக இருந்தால், முழுப் பல்லையும் எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பேச்சுதான். படம் இருந்தும் உங்கள் உதடு மரத்திருக்கலாம். ஆனால் மரக்கக்கூடும் என்று தெரிந்து, வேறு வழிகளைக் கேட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். உங்கள் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது. அது நியாயமானது என்றும் நினைக்கிறேன். தொடக்க காலத்தில் நானும் சிறு படத்தை மட்டும் நம்பிப் பல் எடுத்திருக்கிறேன். மரத்த உதட்டோடு ஒருவர் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டேன். அவருக்கு ஐந்தாம் மாதம் உணர்வு திரும்பியது. அந்த ஐந்து மாதமும் அவர் வரும் நாளை நினைத்தால் எனக்கு உறக்கம் வராது.

தாய்ப்பாலும் ஸ்கேனும்

மாமியாரின் கவலை அன்பிலிருந்து வருவது. அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே கதிர் உடலைக் கடந்து போய்விடும். உடலிலோ பாலிலோ தங்காது. ஸ்கேன் எடுத்து வெளியே வந்த அடுத்த நிமிடமே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். பாலைப் பீய்ச்சி எறிய வேண்டியதில்லை. அளவையும் சொல்கிறேன். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லார் மேலும் ஓராண்டில் விழும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஓர் ஓ.பி.ஜி., அதில் சில நாட்களின் பங்குக்குச் சமம். சி.பி.சி.டி., கருவியையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து, சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை. ஆகவே, வலப்பக்கத்து ஞானப்பல் இருந்த இடத்தை மட்டும் காட்டும் சிறு பரப்புப் படம் போதும் என்று கேளுங்கள். மீண்டும் கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இடப்பக்கத்துப் பல்

இப்போது தொடாதீர்கள். வலப்பக்கம் தெளிவதற்குள் இடப்பக்கத்திலும் மரப்பு வந்தால், கீழுதடு முழுதும் உணர்விழந்துவிடும். உண்பது, பேசுவது இரண்டும் பெரும்பாடாகும். அவசரம் இல்லாதவரை, ஒரு பக்கம் தேறும்வரை மறுபக்கத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

எந்த நோயும் இல்லாத ஞானப்பல்லை "பின்னால் தொல்லை கொடுக்கும்" என்று முன்கூட்டியே எடுப்பது அவசியமில்லை. பிரிட்டனின் சுகாதார வழிகாட்டு நெறி 2000ஆம் ஆண்டிலிருந்தே அப்படிச் சொல்கிறது. ஆனால் உங்கள் பல் அந்த வகையில் சேராது. பல்லை மூடியுள்ள ஈறுமடல் ஓராண்டில் இரண்டு முறை வீங்கியிருப்பதால், அதை எடுப்பதற்கு முறையான காரணம் இருக்கிறது. வயதும் ஒரு கணக்கு: 33 வயதில் வேர் முழுதும் வளர்ந்து, எலும்பும் இறுகியிருப்பதால், இருபது வயதில் எடுப்பதைவிட வேலை கடினம், மேலும் பத்தாண்டு தள்ளிப்போட்டால் எளிதாகிவிடாது. எனவே வலப்பக்கம் தேறியபின், ஓ.பி.ஜி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் சி.பி.சி.டி. எடுத்து, முழுப் பல்லையும் எடுப்பதா, தலையை மட்டும் எடுத்து வேரை விடுவதா என்று கலந்து பேசுங்கள். பல்லில் ஆழமான சொத்தை இருந்தாலோ, வேரில் சீழ் இருந்தாலோ, பல் கால்வாயின் நெடுகிலேயே படுத்திருந்தாலோ, தலையை மட்டும் எடுக்கும் முறை பொருந்தாது.

அதுவரை, அந்த ஈறுமடலுக்கு அடியில் சோறு தங்காமல் மென்மையான சிறு பிரஷ்ஷால் தேய்த்து, வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்து வாருங்கள். மீண்டும் வீங்கி, காய்ச்சல் வந்தாலோ, எச்சில் விழுங்கக் கடினமானாலோ, வாய் திறக்க முடியாமல் தாடைக்கு அடியில் வீக்கம் இறங்கினாலோ, அது இரவு எந்நேரமானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாடைக்கடியில் பரவும் சீழ் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். பல்வலிதானே, விடியட்டும் என்று காத்திருந்தவர்களின் நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

புகார், உரிமை, காலக்கெடு

நான் மருத்துவன், வழக்கறிஞன் அல்லன். மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சட்டத்தைச் சொல்கிறேன். நரம்புக் காயம் நேர்ந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. கைதேர்ந்தவர்கள் கையிலும் அது நேரும். அதே நிலையிலுள்ள பொறுப்பான ஒரு மருத்துவர் எடுத்திருக்கக்கூடிய கவனம் எடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. வேரின் நுனி தெரியாத படத்தோடு அறுவை செய்தது அங்கே கேள்விக்குள்ளாகும். அதைவிட முக்கியமானது ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை அறிந்துகொண்டு தருவதே ஒப்புதல். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்று வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். உதடு மரக்கக்கூடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்கிறீர்கள். அந்தத் தாளின் நகலில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒன்று. இப்போது நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்ய உங்களுக்கு இரண்டு ஆண்டு காலம் உண்டு; நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் மனுக் கட்டணமும் இல்லை; வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே, கொழுந்தனார் சொல்வதுபோல இந்த வாரமே ஓடிப்போய் மனுக் கொடுக்க வேண்டிய நெருக்கடி எதுவும் கிடையாது. சிகிச்சைக்கான நேரம்தான் குறுகியது. சட்டத்துக்கான நேரம் தாராளமாக இருக்கிறது. இரண்டையும் மாற்றிக்கொண்டு விடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். கணவரையோ சகோதரரையோ உடன் அழைத்துக்கொண்டு, அதே மருத்துவரிடம் நேரில் போங்கள். சண்டைக்கு அன்று. எக்ஸ்ரே, ஒப்புதல் தாள், அறுவைக் குறிப்பு, மருந்துச் சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகலை எழுத்தில் கேளுங்கள். அவற்றைப் பெறுவது உங்கள் உரிமை. வாய், முக, தாடை அறுவை மருத்துவர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இந்த நிலையில் உள்ளூர அஞ்சிக்கொண்டுதான் இருப்பார்கள். அமைதியாகக் கேட்கும் நோயாளியிடம் அவர்களும் மனந்திறந்து பேசுவார்கள். கொடுக்க மறுத்தால், அந்த மறுப்பையும் நாளோடு குறித்து வையுங்கள். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடும் வழியும் திறந்தே இருக்கிறது.

எங்கே காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையில் பல் மற்றும் வாய் அறுவைத் துறை இருக்கிறது. செலவு பெரிய தடையாக இருந்தால், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால், அன்று மாலையே குழந்தையிடம் திரும்பிவிடலாம். எங்கே போனாலும் பழைய சிறு படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வேரின் நுனி இல்லாத அந்தப் படமும் மருத்துவருக்கு ஒரு செய்தி சொல்லும். "வேர் முழுதாக வந்ததா, வலப்பக்கக் கால்வாயின் சுவர் எப்படி இருக்கிறது" என்ற இரண்டு கேள்விகளையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தப் பதில் உங்கள் கையில் கிடைக்கும்போது நான்காவது வாரம் நடந்துகொண்டிருக்கும். மோவாயில் பென்சில் கோடு வரையும் வேலையை, வருகிற ஞாயிறு காலையிலேயே, குழந்தை எழுவதற்கு முன் தொடங்கிவிடுங்கள். மூன்று கோடுகள் சேர்ந்ததும், அந்தப் படங்களையும் ஸ்கேன் அறிக்கையையும் இணைத்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.